காத்து ஏற மாட்டேங்குதா? வால்வைப் பாருங்க!



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எழுதுகிற பக்கத்தில் இந்த முறை சைக்கிளுக்குக் காத்தடிக்கிற விஷயத்தை எழுதுகிறேன். "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழும் குறை இது. பால் ஊற்றும் உறுப்பினர் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"நேரமே எந்திரிச்சுப் பால் கறந்து, கேனைக் கட்டி, சைக்கிளை எடுத்தா பின் சக்கரம் சப்பையாக் கெடக்குதுங்க. பம்பை வெச்சு எத்தனை அமுக்கினாலும் காத்து ஏறவே மாட்டேங்குது. என்ற ஊட்டுக்காரரு எந்திரிச்சு வந்து அடிச்சாத்தான் ஆச்சு. அவரு ராத்திரி ஷிப்டு போயிட்டா, சொசைட்டி வண்டி போன பின்னால பாலைக் கொண்டு போயி என்ன பண்றதுங்க?"

ஒரு வேளைப் பால் நின்றால் என்ன நஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறவை மாட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதே அந்தப் பாலில்தான். அதைத் தடுத்து நிறுத்தியது என்னவென்று பார்த்தால், சுண்டு விரல் நீளம்கூட இல்லாத ஒரு ரப்பர் துண்டு.

நம்ம பக்கத்து ஊர்கள் எப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அன்னூர், சூலூர், பல்லடம், காங்கயம், தாராபுரம் எங்கே போனாலும் பாதிப் பேர் வீடு தோட்டத்துக்குள்தான். பஸ் நிற்கும் இடத்துக்கு வர இரண்டு மூன்று கிலோமீட்டர் இட்டேரி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், எத்தனையோ பேருக்குக் கைக்காசு மிச்சம். ஆனால் அந்த பஸ் தோட்டத்து வாசலுக்கு வராது. ரோட்டுக்கு வருவதற்கு நடை, இல்லாவிட்டால் சைக்கிள்.

பெண் குழந்தைகளுக்கு சைக்கிள் எவ்வளவு முக்கியம் என்று அரசும் கண்டு கொண்டதால்தான் 2001-02ல் பதினொண்ணாவது படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2005-06ல் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இன்று பல வீடுகளில் மகள் படித்து முடித்த பிறகு அந்த சைக்கிள்தான் அம்மாவுக்கு. ஆனால் சைக்கிளோடு பம்பு தருவதில்லை. காத்து எப்படி அடிப்பது என்று சொல்லித் தருகிறவர்களும் இல்லை. முன்னே மாதிரி ஊருக்கு ஊர் சைக்கிள் கடையும் இப்போது கிடையாது. பைக் வந்த பிறகு பாதிக் கடை மூடியாச்சு, மீதியில் பாதி பைக் கடையாக மாறியாச்சு. ஒரு வால்டியூப் மாற்ற நாலு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற நிலைமை.

புதுக்கோட்டையில் நடந்தது

சைக்கிளைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்றுக் கொடுத்ததோடு, பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள், ஆசிரியைகள் எல்லோரும் ஏறினார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. அறிவொளி நடத்திய சைக்கிள் விழாக்களிலும் போட்டிகளிலும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் நிறையப் பேர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அதில் நடுவில் பார் இருப்பதால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏறி ஓட்டுவது ஒரு பாதி. சைக்கிள் நின்று போனால் அதை நாமே கிளப்புவது இன்னொரு பாதி. பம்பைத் தொடுவது ஆம்பளை வேலை என்று நம்மில் பலரும் விட்டுவிடுகிறோம். பாருங்க, அதில் பலத்தைவிட விஷயம் தெரிவதுதான் அதிகம்.

வால்வு எப்படி வேலை செய்கிறது?

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். கிணத்து மோட்டார் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும். மோட்டார் இழுக்கும்போது தண்ணீரை மேலே விடும். மோட்டார் நின்றால் தண்ணீர் திரும்பக் கிணத்துக்குள் இறங்காமல் மூடிக்கொள்ளும். சைக்கிள் வால்வுக்கும் அதே வேலைதான். பம்பிலிருந்து வரும் காற்றை உள்ளே விடணும், உள்ளே போனதை வெளியே விடக் கூடாது.

நம்ம ஊர் சாதா சைக்கிளில் ரிம்முக்கு உள்பக்கம் ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் தலையில் ஒரு நட்டு. நட்டைக் கழற்றினால் உள்ளேயிருந்து ஆணி மாதிரி ஒரு சின்ன உருப்படி வரும். பார்க்க ஆணி மாதிரி இருந்தாலும் அது உள்ளே துவாரம் உள்ளது. மேல் முனை திறந்திருக்கும், அடி முனை அடைத்திருக்கும், பக்கவாட்டில் ஒரு பொட்டு ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை மூடி மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். அதுதான் வால்டியூப். குழந்தைகள் அதை வாங்கித் தண்ணி நிரப்பிப் பீய்ச்சி விளையாடுவார்களே, அதே சாமான்தான்.

பம்பை அமுக்கும்போது காற்று அந்த ஆணியின் உள்ளே இறங்கி, பக்கத்து ஓட்டை வழியாக வந்து, ரப்பரைக் கொஞ்சம் விரித்து, இடுக்கு வழியாக டியூபுக்குள் போகிறது. அமுக்குவதை நிறுத்தியதும் ரப்பர் சுருங்கி ஓட்டையை மூடிக்கொள்கிறது. டியூபுக்குள் இருக்கும் காற்றும் வெளியிலிருந்து ரப்பரை ஓட்டையின் மேல் அழுத்துகிறது. உள்ளே காற்று ஏற ஏற மூடி இறுகுகிறது. எத்தனை எளிமையான யோசனை!

ஆனால் கஷ்டமும் இதே இடத்தில்தான். பம்பிலிருந்து வரும் காற்றுக்கு ரெட்டை வேலை. டயருக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றின் அழுத்தத்தையும் ஜெயிக்கணும், ரப்பரையும் விரிக்கணும். ரப்பர் தடிப்பாக இருந்தாலோ, பழசாகி விறைத்துப் போனாலோ, வெயிலில் இளகிப் பித்தளையோடு ஒட்டிக்கொண்டாலோ, நாம் எவ்வளவு அமுக்கினாலும் காற்று போகாது. "எனக்குத் தெம்பு இல்லீங்க" என்று நீங்கள் நினைத்துக் கொண்டிருக்கும் பல சமயம், குற்றம் உங்கள் கையில் இல்லை, ரப்பரில்தான்.

காத்தடித்த டயரை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் ஒரு மாட்டு டாக்டர் என்றால் பால் ஊற்றும் தோழியர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காகச் செய்து பார்த்தது அது. 1888ல் காப்புரிமை வாங்கினார். இந்த ரப்பர் வால்வுக்கும் டன்லப் வால்வு என்றே பெயர். வுட்ஸ் வால்வு என்றும் சொல்வார்கள். நமக்கு மட்டும்தான் இந்த அவஸ்தை என்று எண்ண வேண்டாம். ஜப்பானில் குழந்தைகளை முன்னும் பின்னும் உட்கார வைத்து அம்மாக்கள் ஓட்டும் சைக்கிளிலும் இதே வால்வுதான். வால்டியூப்புக்கு அங்கே பூச்சி ரப்பர் என்று அர்த்தம் வருகிற பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் அது காய்ந்து போய்த்தான் தொல்லை கொடுக்கிறது.

கைப்பிடி சொல்லும் சேதி

காத்து ஏறவில்லை என்றதும் வால்வைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் பம்பின் கைப்பிடி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். மாட்டைத் தொட்டுப் பார்த்தே காய்ச்சல் என்று சொல்கிற கை உங்களுடையது. இதுவும் பழகிவிடும்.

கைப்பிடி வெண்ணெய் மாதிரி சறுக்கிக்கொண்டு கீழே போகிறது, ஆனால் டயர் ஏறவில்லை. அப்படியானால் பம்பில்தான் கோளாறு. சந்தேகம் தீர, பம்பு ஓஸின் வாயைக் கட்டை விரலால் இறுக்கி மூடிக்கொண்டு கைப்பிடியை அமுக்குங்கள். நல்ல பம்பாக இருந்தால் பாதிக்கு மேல் இறங்காது, விரலைத் தள்ளிக்கொண்டு காற்று சீறும். சீறவில்லையென்றால் உள்ளே இருக்கும் வாஷர் காய்ந்திருக்கும், அல்லது ஓஸ் வெடித்திருக்கும். ஓஸ் வெடிப்பு பெரும்பாலும் பம்போடு சேருகிற இடத்தில்தான் வரும். சும்மா வைக்கும்போது அங்கே மடங்கி மடங்கியே வெடித்துவிடும்.

கைப்பிடி இறங்கவே மறுக்கிறது, அல்லது அமுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் மறுபடி மேலே எழும்பி வருகிறது, டயரோ சப்பையாகவே கிடக்கிறது. இது வால்வு அடைத்திருப்பதற்கு அடையாளம். காற்று போக வழியில்லாமல் பம்புக்குள்ளேயே நின்றுகொண்டு திமிறுகிறது. வால்டியூப் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது அந்தப் பொட்டு ஓட்டையில் மண்ணோ களிம்போ ஏறியிருக்கும். நம் உறுப்பினர்கள் சொல்லும் குறையில் நான் பார்த்தவரை அதிகமானது இதுதான்.

மூன்றாவது, காற்று நன்றாக ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. பஞ்சர் என்று முடிவு கட்டிக் கடைக்குத் தள்ளுவதற்கு முன்னால், வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் வால்டியூப் கிழிந்திருக்கிறது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. குமிழ் வராவிட்டால் பஞ்சரைத் தேடலாம். காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு ஓரமாகப் போய் வருகிறவர்களுக்கு வெள்வேல முள் பஞ்சர் புதுசில்லை. முள்ளால் வந்ததா வால்வால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் தேவையில்லாத பஞ்சர் கூலி மிச்சம்.

வால்டியூப் மாற்றுவது

கையில் புது வால்டியூப் துண்டு, ஒரு ஊக்கு, கொஞ்சம் தண்ணீர், பம்பு நாலும் இருக்கணும். பம்பு இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். ஏனென்றால் இந்த வகை வால்வைத் திறந்ததும் டியூபில் இருக்கும் மொத்தக் காற்றும் போய்விடும்.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, வால்வு கைக்கு வசதியான பக்கம் வரும்படி சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். நட்டை மெதுவாகத் திருகுங்கள். டயரில் காற்று இருந்தால் கட்டை விரலை வால்வின் தலைமேல் வைத்துக்கொண்டே திருகணும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஆணி தெறித்துப் போகும். காட்டு மண்ணில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது, முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தால் கண்ணில் படும். குழந்தைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

ஆணியை எடுத்துப் பழைய ரப்பரை உரித்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். பிளேடு வேண்டாம், பித்தளையில் கீறல் விழுந்தால் புது ரப்பரும் நிற்காது. ஊக்கால் பக்கத்து ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து, மேல் முனையில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று பக்கத்தில் வரணும்.

இப்போது புது ரப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஆணியின் அடி முனை வழியாக ஏற்றுங்கள். எச்சில் தொட்டுப் போடுவதுதான் ஊர் வழக்கம், தண்ணீரே போதும். சில கடைகளில் வழுக்கிக்கொண்டு ஏறட்டும் என்று எண்ணெய் தடவுவார்கள். அது மட்டும் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி, உப்பி, சீக்கிரமே கொழகொழ என்று ஆகிவிடும்.

எவ்வளவு தூரம் ஏற்றுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பக்கத்து ஓட்டையை மூடினால் போதும் என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். போதாது. ஆணியின் மேல் பக்கம் கொஞ்சம் பருத்து ஒரு தோள் மாதிரி இருக்கும். ரப்பர் அந்தத் தோள் மேலும் ஏறி உட்காரணும். வால்வுக் குழாய்க்கும் ஆணிக்கும் நடுவே சீல் ஆகிற வேலையும் அதே ரப்பர்தான் செய்கிறது. அடியில் ஓட்டையைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கலாம், ஆனால் வால் மாதிரி நீளமாக விட்டால் உள்ளே மடிந்து வழியை அடைக்கும். அதிக நீளமானால் அமுக்கக் கஷ்டம், குறைந்தால் ஒழுகல்.

ஆணியை மறுபடி குழாயில் இறக்கும்போது அதன் பக்கங்களில் இருக்கும் சின்ன மேடு, குழாயின் வாயில் இருக்கும் வெட்டில் பொருந்தணும். பொருந்தாமல் நட்டை முடுக்கினால் ஆணியும் சேர்ந்து சுற்றி ரப்பரைக் கிழித்துவிடும். நட்டைக் கையால் முடுக்கினாலே போதும். குறடு போட்டு முடுக்கினால் அடுத்த முறை உங்களாலேயே கழற்ற முடியாது.

புது ரப்பர் முதல் இரண்டு மூன்று அமுக்கலுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சுருக்கென்று ஒரு முறை வேகமாக அமுக்கினால் ஓட்டையிலிருந்து விலகி வழி விடும். அதற்குப் பிறகு நிதானமாக அடிக்கலாம். முதல் தடவை செய்ய அரை மணி நேரம் ஆகலாம். நாலாவது தடவை உலை கொதிக்கிற நேரத்துக்குள் முடித்துவிடுவீர்கள்.

வால்வு சாய்ந்து நிற்கிறதா?

வால்வுக் குழாய் ரிம்மிலிருந்து நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதை அப்படியே விடாதீர்கள். காத்து குறைந்த டயரோடு பாரம் ஏற்றி ஓட்டும்போது, டயரும் டியூபும் ரிம்மில் நழுவி வால்வை இழுத்துச் சாய்த்துவிடுகின்றன. இப்படியே ஓட்டினால் வால்வு டியூபோடு சேரும் அடிப்பகுதி கிழியும். அந்த இடத்தில் ஒட்டுப் போட்டாலும் நிற்காது, புது டியூப்தான் வாங்கணும். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, டயரை இரண்டு கையாலும் பிடித்து வால்வு நேராகும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, பிறகு காத்தடித்தால் சரியாகிவிடும்.

பம்பு வாங்கும்போது

கடையில் தடியான பம்பைக் காட்டி, "இதுல நாலு அடி அடிச்சாப் போதும்" என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த நாலு அடியை அடிக்கத் தெம்பு வேணும். கணக்குப் பார்ப்போம். டயருக்குள் 40 பவுண்டு காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்புக் குழாயின் உள் அகலம் 3 சென்டிமீட்டர் என்றால், கடைசி அமுக்கலுக்கு ஏறக்குறைய 20 கிலோ எடையை அமுக்குகிற பலம் வேணும். அதே குழாய் 4 சென்டிமீட்டர் என்றால் 35 கிலோ. ஒரே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான், பாரம் முக்கால் பங்கு கூடிவிட்டது. வால்டியூப் ரப்பர் கேட்கும் பலம் இதற்கு மேலே. அதனால் நமக்கு ஒல்லியான, உயரமான, காலால் மிதித்துக்கொள்ளக் கட்டை உள்ள பம்புதான் நல்லது. கூட இருபது தடவை அடிக்க வேண்டி வரும், வரட்டும்.

அடிக்கிற முறையும் உண்டு. கைப் பலத்தால் குத்துக் குத்தாக அடித்தால் சீக்கிரம் களைத்துவிடும். கைகளை நீட்டி நேராக வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து குனிந்து உடம்பு எடையை அதன் மேல் இறக்குங்கள். மேலே முழுக்க இழுத்து, கீழே முழுக்க இறக்கணும். பாதிப் பாதியாக அடித்தால் காற்று பம்புக்குள்ளேயே கிடந்து அமுங்குமே ஒழிய டியூபுக்குப் போகாது. கர்ப்பிணிகள், ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

பம்புக்குள் இருக்கும் வாஷர் தோலில் செய்ததாக இருந்தால், அதற்கு மட்டும் எண்ணெய் வேண்டும். கைப்பிடி மூடியைக் கழற்றி வாஷரை வெளியே எடுத்து, தேங்காய் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு விரலால் நீவி ஊற விடுங்கள். காய்ந்து சுருங்கின தோல் விரிந்து குழாயை ஒட்டிக்கொள்ளும். திரும்பப் போடும்போது கிண்ணம் மாதிரி இருக்கும் வாஷரின் வாய் கீழே பார்த்திருக்கணும். எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், மிச்ச எண்ணெய் ஓஸ் வழியாக வால்டியூப்புக்குத்தான் போகும். இப்போது ரப்பர் வாஷர் போட்ட பம்பும் வருகிறது. அது தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வேறு மாதிரி வால்வு இருந்தால்

இப்போது வரும் கியர் சைக்கிள், சின்னப் பிள்ளைகள் சைக்கிள் பலவற்றில் பைக், ஸ்கூட்டியில் இருப்பது போன்ற தடித்த வால்வு இருக்கிறது. அதன் உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு ஊசி தெரியும். அதை அமுக்கினால் வழி திறக்கும். பழைய கிளிப் வைத்த பம்பு அதற்குச் சரிப்படாமல் போகலாம். அந்த வால்வுக்கு உண்டான வாய் உள்ள பம்பாகக் கேட்டு வாங்கணும். இதில் வால்டியூப் கிடையாது. மூடி தொலைந்து உள்ளே மண் போவதுதான் இதற்கு எதிரி, அதனால் மூடியைத் தொலைக்காதீர்கள். விலை கூடின ரேஸ் சைக்கிள்களில் மெலிதாக, உயரமாக மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதன் உச்சியில் இருக்கும் குட்டித் திருகைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடிக்கணும். நம்ம கிராமங்களில் அது அபூர்வம்.

பெட்ரோல் பங்கில் காத்து இலவசம். ஆனால் அங்கே இருக்கும் ஓஸ் பைக் வால்வுக்குத்தான் பொருந்தும். நம் பழைய வால்வின் தலையில் திருகிக்கொள்ள ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் சைக்கிள் சாமான் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதை மாட்டினால் பங்கிலும் அடிக்கலாம். ஒரு எச்சரிக்கை. இந்த ரப்பர் வால்வில் அளவு பார்க்கும் மீட்டர் டயரின் சரியான அழுத்தத்தைக் காட்டாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்றை ரப்பர் வெளியே பேச விடுவதில்லை. மிஷின் காற்று வேகமாக ஏறும், சைக்கிள் டியூபோ சின்னது. விட்டு விட்டு அடித்துக் கட்டை விரலால் டயரை அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு காற்று தாங்கும் என்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். பால் கேன், தண்ணீர்க் குடம், பருத்தி மூட்டை ஏற்றுகிறவர்கள் பின் டயரை முன் டயரைவிடக் கெட்டியாக வைத்துக்கொள்ளணும்.

குழுவில் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வீட்டிலும் பம்பு வாங்கத் தேவையில்லை. குழுவின் பொது நிதியில் ஒரு நல்ல பம்பு வாங்கலாம் என்று தீர்மான நோட்டில் எழுதி வாங்கலாம். கூடவே ஒரு டப்பாவில் வால்டியூப் துண்டுகள், இரண்டு வால்வு ஆணி, இரண்டு நட்டு, ஊக்கு போட்டு வைக்கணும். வால்டியூப் ஒரு துண்டு சில ரூபாய்தான், ஆனால் மொத்தமாக வாங்கி வருஷக்கணக்கில் வைக்காதீர்கள். வைத்திருந்தே விறைத்துப் போகும். வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இதில் என் அபிப்பிராயம் ஒன்று. பம்பை ஊக்குநர் வீட்டு அலமாரியில் பூட்டி வைப்பதால் பிரயோசனம் இல்லை. விடியற்காலையில் யார் வீட்டுக் கதவைத் தட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டார்களோ, யார் வீடு வழியில் இருக்கிறதோ, அங்கே இருக்கட்டும். யார் எடுத்தார்கள் என்று ஒரு சின்ன நோட்டு போதும். வாடகை வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் ஓஸ், வாஷர் மாற்றச் செலவு வரும், அதற்கு என்ன செய்வது என்று குழுவே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

ஒருவர் செய்து காட்ட மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு தடவை கழற்றி மாட்டணும். பதினொண்ணாவது, பன்னிரண்டாவது படிக்கும் பெண் பிள்ளைகளையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். தினமும் ஓட்டுவது அவர்கள்தான், சீக்கிரம் பிடித்தும் கொள்வார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் கணக்கு எழுதி முடிந்ததும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். சைக்கிளில் வரும் உறுப்பினர் யாராவது ஒருவர் வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கடையில் புது வால்டியூப் வாங்கப் போகும்போது கழற்றிய பழைய துண்டை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு நீளம் வெட்டணும் என்பதற்கு அதுதான் அளவு.